நடுவேலிக்கு 43 கால்

பி.காம். படித்தவனுக்கு வேலி போடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். வேலிக்குக் கணக்குப் போடத் தெரியும். அதற்காகத்தான் அப்பா என்னைக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வரச் சொன்னார்.

விஷயம் இதுதான். அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை இப்படித்தான் சொல்வோம்) விட்டுப்போன நாலு ஏக்கர், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்குப் பாதி. பத்திரத்தில் பிரித்தாயிற்று. சித்தப்பாவின் ஆடுகள் மட்டும் பத்திரத்தைப் படிக்கவில்லை. நேராக வந்து அப்பாவின் சோளத்தில் மேய்ந்தன. ஆடு மேய்ந்தது ஒரு நாள், அண்ணன் தம்பி பேசாமல் இருந்தது நாலு வருஷம்! நடுவில் தபால்காரன் வேலை எனக்கு. "உங்க சித்தப்பன் கிட்டச் சொல்லு" என்பார் இவர். "உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்பார் அவர். கடைசியில் இரண்டு பேரும் என் மூலமாகவே ஒத்துக்கொண்டது, நடுவேலி.

கணக்கைக் கேளுங்கள். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,670 அடி. அதை இரண்டாக வகுந்தால் நடுவே இன்னும் 417 அடி வேலி வேண்டும். அதாவது வேலி 25 சதவீதம் அதிகம், நிலம் ஒரு அடி கூட அதிகமில்லை! எந்த ஆடிட்டர் சார் இதை ஒத்துக்கொள்வார்? பத்தடிக்கு ஒரு கால் என்றால் முனைக்கால்களையும் சேர்த்து 43.

சுற்றுவேலி அப்பாரு காலத்துக் கிளுவை. செலவில்லை, வெட்டி நட்டால் தானே துளிர்க்கும். ஆனால் அது அடர்ந்து வர வருஷக்கணக்கில் ஆகும், ஆடு அதுவரை காத்திருக்காது. அதனால் கொறங்காட்டு வெள்வேல மரத்தில் கால் வெட்டி, கம்பி இழுத்து, இடையிடையே கிளுவைக் குச்சி நடுவதென்று முடிவாயிற்று. மரக்கால் மக்குவதற்குள் கிளுவை எழுந்துவிடும்.

வேலிக்கு வந்த பெரியவர் ஒரு நடமாடும் யுனிவர்சிட்டி. "ஏழடிக் காலுக்கு ரெண்டடி குழிங்க தம்பி. வைரம் பாஞ்ச கட்டையா பாத்து எடுக்கோணும். வெள்ளையைக் கரையான் ஒரே மழையில தின்னுபோடும்" என்றார். பட்டையை உரித்து, அடிப்பாகத்தில் தார் பூசினார். தரைக்கு மேலே அரையடி வரைக்கும் பூசினார்.

"மண்ணுக்குள்ள போறதுக்குப் பூசினாப் பத்தாதுங்களா?"

"கால் மக்கறது அடியிலயும் இல்லீங்க, உச்சியிலயும் இல்லீங்க. மண்ணும் காத்தும் சேர்ற எடத்துலதான்."

யோசித்தால் சரிதான். ஆழத்தில் காற்றில்லை, மேலே ஈரம் நிற்பதில்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் கிடைக்கிற இடம் தரைமட்டம்.

குழியில் காலை நிறுத்தி, மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடி போட்டு, கடப்பாரையின் மொட்டை முனையால் இடித்து, மறுபடி அரையடி. தலையைச் சாய்வாகச் சீவிவிட்டார், மழைத்தண்ணீர் தங்காமல் வழிய. கம்பி இழுக்கிற இழுப்பில் முனைக்கால் உள்பக்கம் சாயும் என்பதால் அதற்கு மட்டும் ஒரு முட்டுக்கால்.

இதெல்லாம் அப்புறம் நடந்தது. முதலில் கயிறு பிடிக்க வேண்டும். பெரியவரும் அவர் பையனும் குழி தோண்டத்தான் ஆள். நான் நடுவில் நின்று கயிறு எங்கே வளைகிறது என்று பார்க்க வேண்டும். மீதி இருந்தது இரண்டே பேர்.

"முனைக்கு ஒருத்தர் புடிங்க சாமி" என்று பெரியவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

அப்பா வடக்கு முனை, சித்தப்பா தெற்கு முனை. இடையே 417 அடி. கயிறு தொய்ந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் செருப்பில் குத்தின முள்ளைப் பிடுங்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன். நிமிரவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கிலிருந்து ஒரு குரல்.

"அண்ணா... கொஞ்சம் கெழக்க தள்ளிப் புடிங்க!"

"நீ மொதல்ல இழுத்துப் புடிடா! சோத்துக்குச் செத்தவனாட்ட நிக்கற!"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. அந்தத் தூரத்தில் மெதுவாகப் பேசவும் வழியில்லை, ஊருக்கே கேட்டது. பெரியவர் ஒன்றும் தெரியாதவர் போல் கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கயிறு கிணற்றடிக்கு வந்தபோது மறுபடி நின்றது. கிணறு பொது. அங்கே மட்டும் கம்பி இல்லாமல் இரண்டு காலுக்கு நடுவே ஒரு படல் வைத்தோம். கட்டச் சொன்னது சித்தப்பா. பூட்டு வேண்டாம் என்றது அப்பா.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூலியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கணக்கெழுதி வைத்தேன். அதற்குள் சித்தப்பா மொத்தத்தையும் கொடுத்து முடித்திருந்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"என்ற பங்கைக் குடுக்க அவன் யாருடா?" என்று எழுந்தார்.

நான் வழக்கம்போல் தபாலைக் கொண்டுபோகச் செருப்பு மாட்டினேன். அவர் நிற்கவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு தானே போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. சித்தி வீட்டில் சாப்பாடு ஆயிற்றாம். கூலிக் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.