ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்

செஞ்சியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றை அடித்துச் சொல்வேன்: என் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றைத் திறக்கவே தேவையில்லை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்கள், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்கள், கோட்டை பார்க்க வந்தவர்கள் என்று யார் வந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "போனு செத்துப்போச்சுப்பா." செத்தது போனா, சார்ஜரா, ஒயரா, டிஸ்ப்ளேவா என்று பிரித்தறிவதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டாம், கேள்விதான் வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது? விழுந்ததா? தண்ணீர் பட்டதா? யார் சார்ஜரில் போட்டீர்கள்? புதிதாக ஏதாவது ஏற்றினீர்களா? இதைக் கேட்காமல் நேராகத் திறப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இன்றைய போன்கள் பசை போட்டு ஒட்டியவை. ஒருமுறை திறந்துவிட்டால் தூசியையும் தண்ணீரையும் தடுக்கும் அந்த ஒட்டு முன்போல் இருக்காது.

செத்துப்போனதாகச் சொல்லும் போனுக்கு முதலில் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். ரிங் அடித்தாலோ அதிர்ந்தாலோ போர்டு உயிரோடுதான் இருக்கிறது, போனது டிஸ்ப்ளே. அதுவும் இல்லையென்றால் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 20 விநாடி போல அழுத்திப் பிடிப்பேன். திரை கறுத்து அப்படியே உறைந்துபோன ஆண்ட்ராய்டு போன்கள் பல இதிலேயே எழுந்துவிடும். இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அன்றைய கூலி மிச்சம்.

அதிகம் வருகிற புகார் "சார்ஜ் ஏறல." டைப்-சி போன் என்றால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று நிற்கும். அதன் மேலும் கீழும் 12, 12 என்று 24 பின்கள். வேட்டி மடிப்பிலும் சட்டைப் பையிலும் கிடக்கிற போனில் நூல்தூசி போய்ச் சேரும். ஒவ்வொரு தடவை ஒயர் செருகும்போதும் அது அடியில் போய் அழுந்தி, நாளாக ஆகக் கம்பளித் துண்டு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். பிறகு ஒயர் முழுதாக இறங்காது. பிடித்துக்கொண்டால் ஏறும், விட்டால் நின்றுவிடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியை மெலிதாகச் சீவி, நாக்கில் படாமல் ஓரமாக விட்டு மெல்ல இழுத்தால் சாம்பல் நிறத் திரி ஒன்று வெளியே வரும். அடுத்த தடவை ஒயர் 'டக்'கென்று உட்காரும். குண்டூசி, ஊக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பின் வளைந்தால் போர்டு மாற்ற வேண்டிவரும்.

தண்ணீர் பட்ட போன் மட்டும் விதிவிலக்கு. அதை உடனே திறந்தாக வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் கடைக்கு வந்த போன்களை உதறினால் அரிசி விழுந்தது. அரிசியில் புதைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது; அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுதல் செய்யும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-இல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. வெறும் தண்ணீரைவிடத் தண்ணீரோடு சேர்கிற மின்சாரம்தான் போர்டைத் தின்கிறது. ஈரத்தோடு கரண்ட் ஓடினால் சில மணி நேரத்திலேயே ஐசி கால்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்க ஆரம்பிக்கும். ஆகவே நனைந்தவுடன் அணையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். சிம் தட்டை உருவி, துளை கீழே பார்க்கும்படி மின்விசிறிக் காற்றில் வைத்து, அன்றைக்கே கொண்டுவந்தால் ஆல்கஹாலும் பிரஷும் போட்டுப் பெரும்பாலும் மீட்டுவிடுவேன். மூன்று நாள் அரிசியில் கிடந்து வந்ததற்கு அப்படி உறுதி சொல்ல முடியாது.

"பேட்டரி நிக்கல, புதுசு போடுங்க" என்பவர்களிடம் எந்த ஊர் என்று கேட்பேன். அவர்களுக்கு வியப்பாக இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எங்கள் ஊரைச் சுற்றி நிற்பது முழுக்கக் கருங்கல். பாறைக்கு அந்தப் பக்கம் சிக்னல் மெலிந்துவிடும். தொலைவில் உள்ள டவரை எட்ட, போன் தன் அலையைக் கூடுதல் பலத்தோடு அனுப்பிக்கொண்டே இருக்கும். சும்மா கிடந்தாலும் சார்ஜ் கரையும். புதுப் பேட்டரி போட்டாலும் இதே கதைதான். 5ஜி வந்து வந்து போகிற இடமாக இருந்தால் செட்டிங்கில் 4ஜி-க்கு மாற்றிவைத்து இரண்டு நாள் பார்க்கச் சொல்லி அனுப்புவேன். காசு வாங்குவதில்லை.

கோடையில் மலையேறி வருகிறவர்கள், போன் கொதிக்கிறது, திரை தானாக மங்குகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது என்று பதறுவார்கள். போன் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிழலில் வைத்தால் போதும். பிரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது பேட்டரி உப்பலுக்கு. நோக்கியா காலத்தில் பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றி மேசைக் கண்ணாடிமேல் வைத்துச் சுண்டுவோம். தட்டையாக இருந்தால் அப்படியே நிற்கும். உப்பியிருந்தால் பம்பரமாய்ச் சுற்றும். இப்போது பேட்டரி உள்ளே ஒட்டியிருப்பதால் போனையே கண்ணாடிமேல் வைத்துப் பார்க்க வேண்டும். முதுகு ஆடினாலோ திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள்.

ஹேங் ஆகிறது என்றதும் "சாப்ட்வேர் போடணும்" என்று சொல்வது எங்கள் தொழிலில் பழகிப்போன பதில். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவது சுலபமான வேலைதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் பேரன் படமும் அதோடு போய்விடும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் அழித்த பிறகு போன் பூட்டிக்கொண்டு பழைய கணக்கைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் 2015 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. முதலில் ஸ்டோரேஜைத் திறந்து பார்க்கலாமே! பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள் இடம் கொள்ளாமல் நிறைந்திருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்கிலேயே பெரிய கோப்புகளை வரிசையாகக் காட்டும். உட்கார வைத்து அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்வேன்.

சில போன்களில் காரணம் அது இல்லை. "ஆயா, யாராவது பத்திரிகை, பேங்க் ஃபார்ம்னு எதுனா அனுப்பி, தொட்டுத் தொறந்தியா?" என்று கேட்டால், "கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சுப்பா" என்று பதில் வரும். ஏபிகே என்று முடியும் கோப்பைப் பத்திரிகை என்று நம்பி ஏற்றியிருப்பார்கள். அது மெசேஜைப் படித்து ஓடிபியைத் திருடும். அப்போது முதல் வேலை ஏரோபிளேன் மோடு. வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, சேஃப் மோடில் போய் அந்த ஆப்பை நீக்குவேன். பணம் போயிருந்தால் வேறு போனிலிருந்து பேங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே பேச வைப்பேன். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கடையை விட்டு இறங்கும் முன் எல்லோரையும் *#06# அடிக்கச் சொல்கிறேன். வருகிற 15 இலக்க எண்தான் போனின் அடையாளம்; அதை வீட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். தொலைந்துவிட்டால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைப் பதிந்தால் நாடு முழுக்க எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போனை முடக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே சீட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.