உடம்படுமெய்

எங்கள் தந்தையார் கார் ஓட்டுவதை நிறுத்தியது 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். நிறுத்தினார் என்று எழுதுவது பிழை, நாங்கள் நிறுத்தினோம். நாங்கள் என்பது அவருடைய புதல்வர் இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கிறவன். இதை எழுதுகிறவனும் அவனே. இளையவன் மின்வாரியத்தில் பொறியாளன். குடும்பக் காரியம் எதிலும் ஒரு கருத்துக்கு வந்தறியாத நாங்கள் அன்று மட்டும் ஒரே குரலில் பேசினோம். அந்த ஒற்றுமையே எங்களைச் சந்தேகங்கொள்ளச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

நடந்தது இதுதான். திருச்சியில் ஒரு ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் அப்பா வண்டியை மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்க முயன்றார். விழுந்தது நான்காவது. எஞ்சின் திணறி நின்றது. பிரேக்கில் கால் போவதற்குள் வண்டி பின்னால் உருண்டு ஒரு ஷேர் ஆட்டோவின் முகப்பில் மோதியது. விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்ததைத் தவிர எவருக்கும் எதுவும் நேரவில்லை. "பெருசு, இந்த வயசுல வீட்டுல இருக்கக்கூடாதா?" என்று ஆட்டோக்காரர் கேட்டாராம். அதையே நாங்கள் அன்றிரவு சற்று மரியாதையான தமிழில் கேட்டோம். "கை தளர்ந்துபோச்சுப்பா" என்றோம். அப்பா மறுமொழி சொல்லவில்லை. தம் இடக்கையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சாவியை நாட்காட்டி தொங்கும் ஆணியில் மாட்டினார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது.

வண்டி, 1969-இல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இருவரிடம் கைமாறி 1983-இல் அப்பாவிடம் வந்தது. இளைய வாசகர்களுக்காக அவ்வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்டது அது. வடிவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்னும் இத்தாலியர். அடிச்சட்டமும் மேலுடலும் ஒன்றாக வார்த்தாற்போல் கார்கள் வரத் தொடங்கிவிட்ட காலத்தில், ஹெரால்டுக்கு மட்டும் தனி அடிச்சட்டமும், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற துண்டுதுண்டான உடலும் அமைந்தன. உடற்கூடு செய்து தந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், கிடைத்த இடங்களிலெல்லாம் துண்டுகளாகச் செய்து சேர்க்க வேண்டிய நெருக்கடி. குறையே பின்னர் வசதியாயிற்று. பாகங்களைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பிப் பூட்டிக்கொள்ளலாம் அல்லவா? சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஹெரால்டு உருவானது அவ்வழியில்தான். பிரிட்டனிலோ, பழைய ஹெரால்டின் மேலுடலைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தின்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விளையாட்டுக் கார் கட்டிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. கிட் கார் என்று பெயர். உடல் புதிது, உள்ளே கியர்பாக்ஸும் கியர் லிவரும் பழையவை. ஆகையால் எங்கள் வீட்டு நோய் அந்தக் கொட்டகைகளுக்கும் அந்நியமானதன்று.

நோயை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. வண்டியை விலைபேச வந்தவர் கண்டுபிடித்தார். 2024 தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த அவர், இருக்கையில் அமர்ந்து லிவரை அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆடுற பல்லு மாதிரி இருக்குங்களே சார். இதுல எந்தக் கியர் எங்க இருக்குன்னு உங்க அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்போல."

அவர் போன பிறகு நாங்கள் வண்டியை எடுத்தோம். பத்தாண்டுகளாக எங்களில் எவனும் அதை ஓட்டியிருக்கவில்லை. எதை வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய இளையவன் தெருக்கோடி வரை போய்த் திரும்பும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினான். நான்கில் விழுந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் நான்கு. நாற்பத்திரண்டு வயதுக் கை அது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு உள்ளே போய்ச் சோறுண்டோம்.

அடுத்த ஞாயிறு பிரித்தோம். ஹெரால்டில் ஒரு வசதி உண்டு: முன்னிருக்கைகளுக்கு நடுவேயுள்ள மேடு இரும்பன்று, அட்டைபோன்ற ஒரு மூடி. திருகுகளைக் கழற்றினால் கியர்பாக்ஸ் காருக்குள்ளேயே கண்முன் கிடக்கும். லிவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்குவதில்லை. முன்புறம் நெடுந்தூரம் தள்ளியிருக்கும் பாகங்களை, பின்னால் ஓட்டுநர் கைக்கு எட்டுமிடத்திலிருந்து ஒரு தண்டின் மூலம் இயக்குகிறது. லிவரின் நடுவே ஓர் உருண்டை. அது ஒரு கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். லிவரின் அடிநுனி அந்தத் தண்டோடு சேருமிடத்தில் ஒரு புஷ். தண்டின் மறுமுனை கியர்பாக்ஸோடு சேருமிடத்தில் இன்னொரு புஷ். ஆக மூன்று மூட்டுகள்.

ஒருவன் லிவரை மெல்ல ஆட்ட, மற்றவன் டார்ச் விளக்கோடு குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தான். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ அங்கே ஆட்டம் இருக்கிறது. மூன்றிலும் இருந்தது. கிண்ணத்தில் ஒரு மில்லிமீட்டர். முன்மூட்டில் இரண்டு. அடிநுனியில் புஷ்ஷே இல்லை. அதன் இடத்தில் எவரோ முன்னொரு காலத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். ரப்பர் எண்ணெயில் ஊறிக் கூழாகிவிட்டிருந்தது. அங்கே மூன்று மில்லிமீட்டர். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய குற்றமன்று. ஐம்பது ஆண்டுத் தேய்மானத்துக்கு எவரையும் குறைசொல்லவும் முடியாது. ஆனால் லிவரில் உருண்டைக்கு மேலே இருபத்தைந்து சென்டிமீட்டர், கீழே ஐந்து. கீழே ஒரு பங்கு தளர்ந்தால் மேலே ஐந்து பங்கு ஆடும். மூன்று மூட்டின் தளர்வும் கூடி, ஐந்தால் பெருகி, பிடிகுமிழில் மூன்று சென்டிமீட்டராக நின்றது. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக லிவரை இடப்பக்கம் ஒதுக்கிப் பின்னே இழுக்க வேண்டும். மேலே கை இடப்பக்கம் போயிருக்கும். கீழே தண்டு போயிருக்காது. கை சொன்ன சொல் கியர்பாக்ஸை எட்டவில்லை. நேரே பின்னால் இழுபட்டால் விழக்கூடியது நான்காவது கியர் மட்டுமே.

இத்தனை ஆண்டுகளாக அந்த மூன்று சென்டிமீட்டரைத் தம் மணிக்கட்டால் ஈடுகட்டி அப்பா ஓட்டிவந்திருக்கிறார். தேய்மானம் ஆண்டுக்கு ஒரு நூலிழையாகக் கூடக்கூட, அவர் கையும் ஒரு நூலிழை அதிகமாக ஒதுக்கக் கற்றிருக்கிறது. கடைசியில் டியூப் கரைந்து ஒரே நாளில் ஆட்டம் இரட்டித்தபோது, கை பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் தளர்ச்சி என்று பெயரிட்டது, ஊரிலேயே மிகத் தேர்ந்த ஒரு கையை.

சொல்லிவிட வேண்டும் என்றான் இளையவன். சரிசெய்த பிறகு சொல்வோம் என்றான் மூத்தவன். இதில் அச்சமும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

குற்றவுணர்வு கொண்டவர்கள் பழுதுபார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் அளவுக்கு மீறி இறுக்குவார்கள். பாலக்கரையில் லேத் வைத்திருக்கும் ஒரு பாயிடம் போய், இரண்டு புஷ்களையும் கன்மெட்டலில் கடைந்து தரச் சொன்னோம். "கொஞ்சங்கூட ஆட்டம் இருக்கக்கூடாது பாய்." அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைந்து கொடுத்தார். பூட்டினோம். வண்டி நிற்கையில் லிவர் கற்றூண்போல் நின்றது, மகிழ்ந்தோம். ஓடத் தொடங்கியதும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் லிவர் வண்டுபோல் ரீங்கரித்தது. கியர்பாக்ஸின் அதிர்வு முழுவதும் உலோகத்தின் வழியே உள்ளங்கைக்கு வந்தது. கியர் மாற்ற இரு மடங்கு வலுவும் தேவைப்பட்டது. இரண்டு வாரங்களில் சூடேறிய ஒரு நண்பகலில், இரண்டாவது கியரில் லிவர் அப்படியே இறுகி நின்றுவிட்டது. எழுபத்தெட்டு வயதுக் கையிடம் கொடுக்கக்கூடிய பொருளாக அது இல்லை.

மறுபடி பாயிடம் போனோம். அவர் சிரிக்கவில்லை. "இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல மெத்துனு ஒண்ணு வேணும் சார். அது ரெண்டு பக்கத்தையும் சேர்க்கவும் சேர்க்கணும், ஒண்ண ஒண்ணு கடிக்காமலும் பார்த்துக்கணும். அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேக்குற மாதிரி வரல."

அன்றிரவு மூத்தவன் தம்பிக்கு இலக்கணம் நடத்தினான். மணி என்ற சொல்லும் அடித்தான் என்ற சொல்லும் சேரும்போது நேராகச் சேர்வதில்லை. இகரமும் அகரமும் ஒன்றோடொன்று மோதும், நாக்கு இடறும். ஆகவே இடையில் ஒரு யகரம் வந்து மணியடித்தான் என்றாகிறது. அந்த யகரம் நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. இரண்டையும் உடன்படச் செய்துவிட்டு நடுவில் இருக்கிறது. அதற்கு உடம்படுமெய் என்று பெயர். "அப்போ நைலான் புஷ் யகரமா வகரமா?" என்று கேட்டான் தம்பி. நீண்ட காலத்துக்குப் பின் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

இம்முறை பாய் வார்ப்பு நைலானில் அடிநுனிப் புஷ்ஷைக் கடைந்தார். உள்ளே பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டார். அந்த இடம் பிழையன்று, அசைவதற்கான உரிமை என்பது இப்போது எங்களுக்குப் புரிந்திருந்தது. முன்மூட்டுக்கு, இருசக்கர வாகன ஷாக் அப்சார்பரின் சிறு ரப்பர் புஷ் ஒன்றை அளவுக்கு வெட்டிப் பொருத்தினார். உருண்டைக் கிண்ணத்துக்குப் புதிய நைலான்; அதை அழுத்தும் வில்லும் புதிது. கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர்கள் இரண்டும் எண்ணெயில் ஊறித் தொய்ந்திருந்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்குந்தோறும் கியர்பாக்ஸே புரண்டு லிவரையும் கூடவே இழுத்திருக்கிறது. அவற்றைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இரண்டு நாள் அலைந்து வாங்கிவந்தோம். பூட்டிய பின் குமிழில் மிஞ்சிய ஆட்டம் அரை சென்டிமீட்டர். ரீங்காரம் இல்லை. இரண்டாவது கியர் இரண்டாவது கியரின் இடத்தில் இருந்தது.

அப்பாவைக் கொட்டகைக்கு அழைத்துவந்து, கழற்றிய டியூப் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தோம். "அப்பா, அன்னைக்கு மேம்பாலத்துல தப்பு உங்க கையில இல்ல. இதுல."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்போம். "நீங்க ரெண்டு பேரும் சொன்னதும், நானும் கைதான்னு நினைச்சுட்டேன்டா" என்றார்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. இரண்டாண்டுகளாக அவர் காபி டம்ளரை இரு கையாலும் ஏந்திக் குடித்துவந்தார். கடிதம் எழுதுவதை விட்டிருந்தார். பூட்டைத் திறக்க எங்களில் ஒருவனைக் கூப்பிட்டார். இவற்றையெல்லாம் எங்கள் தீர்ப்புக்குச் சான்றுகளாக எண்ணிவந்தோம். அவை தீர்ப்புக்குப் பின்னே வந்தவை.

அவர் ஏறி அமர்ந்தார். எஞ்சினை முடுக்கவில்லை. கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுப் பார்த்தார். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது கை பழைய பழக்கத்தில் அதிகமாக ஒதுக்கி, லிவர் இடப்பக்கம் முட்டியது. "இவ்வளவு வேண்டியதில்லையா?" என்றார். ஐந்தாறு முறை போட்ட பிறகு கை புதிய தூரத்தைக் கற்றுக்கொண்டது. பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னிருக்கையில் பள்ளிப் பிள்ளைகளைப்போல் அமர்ந்திருந்தோம். எவனும் பேசவில்லை.

இறங்கியதும் சாவியை இளையவனிடம் நீட்டினார். "மேம்பாலத்துக்கு நீங்க ஓட்டுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல. காலையில கடைத்தெரு வரைக்கும் நான் போயிக்கிறேன்." இரண்டாண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த அதே முடிவுதான், ஏறக்குறைய. ஆனால் இம்முறை அதை எடுத்தவர் அவர்.

கோயம்புத்தூர்க்காரர் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். விற்பதா வேண்டாமா என்பதில் நாங்கள் வழக்கம்போல் இரு கருத்தினராக இருக்கிறோம்.

அன்று மாலை அப்பா காபியை ஒரு கையால் வாங்கினார். கை சிறிது நடுங்கத்தான் செய்தது. டம்ளர் சிந்தவில்லை.