செவியும் சிந்தையும்

திருவள்ளுவனார் கல்விக்கு ஓரதிகாரம் வகுத்ததோடமையாது, கேள்விக்கெனத் தனியே மற்றோரதிகாரமும் வகுத்தருளினார். ஏட்டைக் கற்கும் வாய்ப்பில்லாதவனும் செவியைத் திறந்து வைப்பானாயின் அறிவு பெறலாம் என்பது நம்மனோர் பண்டுதொட்டுக் கொண்ட கொள்கை. எழுத்தறியாத நம் மூதாட்டியர் பயிரிடும் பருவமும், பிள்ளைப் பிணிக்கு மருந்தும், தாலாட்டும், பழமொழியும் செவிவழியாகவே பெற்றுச் செவிவழியாகவே வழங்கினர். முதுமையில் அவ்வழி அடைபட்டால் சிந்தைக்கு யாது நேரும்? அடைபட்ட வழியைத் திறந்தால் சிந்தையைக் காத்தல் கூடுமா? இவ்வினாக்களைச் சர்வகலாசாலைகள் பல இந்நாளில் சோதனை வாயிலாக ஆராய்ந்து வருகின்றன. யான் தமிழ் பயில்வோனேயன்றி மருத்துவம் பயில்வோனல்லேன். எனினும், எம் இல்லத்தில் நேர்ந்ததொன்று அவ்வாராய்ச்சிகளைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டிற்று.

எமதூர் புதுவை மாநிலத்துப் பாகூர்க் கொம்யூனில், தென்பெண்ணையாற்றின் வடகரைக்கண் உள்ள சோரியாங்குப்பம். என் தந்தையைப் பெற்ற பாட்டியாரை யாங்கள் ஆயா என்றழைப்போம். 76 வயதினர், நடவிலும் களையெடுப்பிலும் பெண்டிர் பலர்க்குத் தலைமை பூண்டவர், நெல் விற்ற கணக்கை விரல்விட்டே கூறுபவர். சில யாண்டுகளாக வினாவொன்றிருக்க விடையொன்று கூறத் தொடங்கினார். “ஆயா, இன்னிக்கு என்ன கிழமை?” என்றால், “மரவள்ளிதான், நேத்துப் புடுங்குனது” என்பார். சிறுவர் நகைத்தனர். பெரியோர் நகைக்கவில்லை, ‘மறதி நோய்’ என்று முடிவு கட்டினர். அதுமுதல் நெல்லின் கணக்கு அவரிடம் கூறப்படவில்லை. என் தமக்கையின் மணப்பேச்சிலும் அவரை ஒருவரும் கலக்கவில்லை. அவரும் திண்ணைத் தூணோடு தூணாய் அமர்ந்துவிட்டார்.

2024 ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணையின் நீர் திறக்கப்பட்டுப் பெண்ணையிற் பெருவெள்ளம் வந்தது. ஒலிபெருக்கியில் முழங்கிய எச்சரிக்கை ஆயாவின் செவியில் விழவில்லை. தெருவார் மூட்டை முடிச்சுடன் வெளியேறும் வேளையில் அவர் கொல்லையிற் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். என் தந்தையார் தோளைத் தொட்டு அழைத்த பின்னரே எழுந்தார். “எனக்கு யாரும் சொல்லலியேடா” என்று அவர் கூறிய சொல் எங்களை ஐயுறச் செய்தது. இது மறந்தவர் பேச்சன்று, கேளாதவர் பேச்சு என்று தந்தையார் உணர்ந்தார்.

மருத்துவமனையிற் சோதித்தபோது இரு செவிகளிலும் ஆற்றல் குறைந்திருத்தல் தெரிந்தது. உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள்ளிருக்கும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. மூப்பால் வருங் குறை பெரும்பாலும் உயர்ந்த சுருதியொலிகளையே முதலிற் கவரும். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலிமையுடன் நிற்பன. ச, த, ட முதலிய மெய்களைப் பிரித்தறியும் குறிப்புக்களோ உயர்ந்த சுருதியில் மெலிந்து நிற்பன. ஆகவே முதியோர்க்கு உயிர் கேட்கும்; மெய் நழுவும். ‘பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை’ என்று அவர்கள் கூறுவதன் காரணம் இதுவே. நழுவியதை மனம் ஊகித்து நிரப்பும். கிழமை கிழங்கானது அவ்வாறே. இவ்வூகத்திலேயே மூளையின் உழைப்புச் செலவாகி நினைவுக்குரியது குறைகின்றதோ, பேச்சற்ற தனிமை சிந்தையைத் தேய்க்கின்றதோ, ஒலி வாராமையால் மூளையே மாறுபடுகின்றதோ என ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர்.

ஐயந் தீர்க்கும் வழி ஒப்பிட்டுப் பார்த்தல். தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தை நம்முட் பலர் அறிவர். பாபிலோன் அரண்மனையில் நான்கு இளைஞர் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் உண்டு, அரசனுணவை உண்ட பிறரோடு ஒப்பிடப்பெற்றனர். இக்கால முறை அதனோடு இன்னொன்றைச் சேர்க்கின்றது: யார் எக்குழுவிற் சேர்வர் என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலுக்கு விட்டுவிடுகின்றது. அதனால் திடமுடையோரெல்லாம் ஒருபுறமே சேரும் குற்றம் நீங்கும். நம் நாட்டிற்கும் இது புதிதன்று. 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்போரையும் சானடோரியத்தில் தங்கி உண்போரையும் இவ்வாறே ஒப்பிட்டு, வீட்டு மருத்துவம் அதற்குத் தாழ்ந்ததன்று என 1959 இல் வெளியிட்டது.

செவிக்கும் சிந்தைக்கும் உள்ள தொடர்பை இம்முறையில் ஆராய்ந்தவற்றுட் சிறந்தது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க் லின் முதலானோர் நடத்திய ‘அச்சீவ்’ சோதனை. 2023 இல் ‘லான்செட்’ இதழில் அதன் முடிவு வெளிவந்தது. செவிக்குறையுடைய, ஆனால் மறதிநோய் இல்லாத, 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் தம் இசைவுடன் அதிற் சேர்ந்தனர். ஒரு பாதியினர்க்குச் செவித்துணைக் கருவியும் அதனைப் பழகும் பயிற்சியும் அளித்தனர். மறுபாதியினர்க்கு முதுமையில் உடல்நலம் பேணும் முறைகளைப் போதித்தனர். மூன்றாண்டு கழிந்தபின், மொத்தத்தில் இரு பாதியினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் அவருள் 238 பேர், முன்னரே நடைபெற்றுவந்த இதயநல ஆராய்ச்சியொன்றிலிருந்து வந்தவர்; வயதாலும் பிற நோய்களாலும் மறதிக்கு அதிகம் இலக்கானவர். அவர்களிடையே கருவி பெற்றோரின் அறிவுத்தேய்வு 48 சதவீதம் குறைந்திருந்தது.

கருவி அணிந்தால் மறதி வாராது என்று கூறுவோர் இம்முடிவிற் பாதியை மறைப்பவர். பயனில்லை என்று தள்ளுவோர் மறுபாதியைப் படியாதவர். தம் எண்ணத்திற்கு மாறாக வந்ததையும் மறையாது வெளியிடுவதே இத்தகைய சோதனையின் சிறப்பு. அன்றியும், அது மேனாட்டு முதியோரிடை நடந்தது. பள்ளி காணாத தமிழ் மூதாட்டியர்க்கு அதுவே பொருந்துமென்று துணிதற்கில்லை. நம் நாட்டில் ஐதராபாத்து நிஜாம் மருத்துவ நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி முதலானோர் 648 மறதிநோயாளரின் குறிப்புக்களை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். இருமொழி பேசியோர்க்கு நோய் ஏறத்தாழ நாலரை யாண்டு பிந்தித் தோன்றியது. எழுத்தறியாதோரிடத்தும் அவ்வேறுபாடு காணப்பட்டது. சீட்டிட்டு ஒருவர்க்கு மொழியை வழங்கல் இயலாதாகலின் இது சோதனையன்று, நோக்கியறிந்ததேயாம். எனினும், பேச்சும் கேள்வியுமே கல்வியாக வாழ்ந்தோரைத் தனியே ஆராய்தல் வேண்டும் என்பதை அது காட்டுகின்றது.

ஒருவரைக் கொண்டு பொதுவிதி காணலாகாது. ஆயினும் எம் இல்லத்திற் கண்டதைக் கூறுவேன். காது மிஷின் அணிந்த முதல் வாரம், தென்னங்கீற்றின் சலசலப்பும் பாத்திர ஓசையும் தாளாமல் ஆயா அதனைக் கழற்றித் தகரப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிட்டார். மாலை ஜெபத்திற் சங்கீதம் வாசிக்கும் வேளையில் மட்டும் அணிவித்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டினோம். மூன்று திங்களிற் பழகிவிட்டது. மறதி முற்றும் நீங்கவில்லை. சாவி வைத்த இடம் நாள்தோறும் தேடப்படுகின்றது. ஆனால், தமக்கையின் மணத்திற்குக் குறித்த நாள் அறுவடை வேளையில் விழுகின்றதென்று கண்டு, மாற்றச் சொன்னவர் அவரே. நாளும் மாற்றப்பட்டது.

கல்லூரி நண்பர்களே! நினைவைச் சோதிப்போர் சில சொற்களைக் கூறிப் பின்னர் அவற்றைத் திருப்பிக் கேட்பர். கேளாத சொல்லை நினைவிற் கொள்வார் யார்? ஆதலின், முதியோர்க்கு மறதி என்று முடிவு கட்டுமுன் அவர்தம் செவியைச் சோதித்தல் கடன். அச்சோதனைச் சொற்கள் பாகூர் வயலிற் பாடுபடும் பெண்ணுக்கும் பழகிய தமிழாயிருத்தல் வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலில் எழுத்தொலிகளின் பிறப்பைக் கற்கும் நாம், அத்தகைய சொற்களைத் தேர்ந்து மருத்துவர்க்கு உதவுதற்கு உரியர் அல்லமோ? விஞ்ஞானம் பயிலும் நண்பரும் மருத்துவராய் விளங்கும் பழைய மாணவரும் நம்மோடு கைகோப்பாராக. அதுகாறும், இவ்விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோரின் எதிரே அமர்ந்து, முகம் நோக்கி, நிறுத்திப் பேசுவோமாக. அவர் வேறு விடை கூறின், நகையாது இன்னொருமுறை கேட்போமாக.