கடலில் முறைநாள்

கடற்காற்று எட்டாத தில்லியில், 2023 ஜனவரி 24 அன்று, உச்ச நீதிமன்றம் தமிழகக் கடலோடிகளுக்கு ஓர் இடைக்கால ஒழுங்கை வகுத்தது. சுருக்குமடிப் படகுகள் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும். இடங்காட்டும் கருவியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கடலுக்குக் கிழமை வகுப்பது கரைக்குப் புதிதன்று. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பங்கீடு பல பத்தாண்டுகள் பழையது. விரித்த வலைகளை இழுவைமடி அறுத்ததால் எழுந்த பூசல்களின் விளைவு அது. பழவேற்காட்டு ஏரியில் இது இன்னும் நுட்பமானது. இன்னார், இன்ன நாள், இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துக்கொள்வர். அதன் பெயர் ‘பாடு’. உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் அதே சொல்தான். ‘மீன்பாடு’ என்றால் வலையில் கிடைத்த மீன். அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணிட்டு அடுக்குகின்றன. ஏரிக்காரர்களுக்கு அந்த எண்கள் தேவைப்படுவதில்லை.

தில்லியின் ஆணையில் ஒரு கணக்கு இடிக்கிறது. 12 கடல் மைல் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். போகவர ஆகும் பொழுதைக் கழித்தால், மீன் கூட்டத்தைத் தேடி வளைக்க எஞ்சுவது எத்தனை மணி? சுருக்குமடிக்காரரின் இக்குறை நியாயமானது. ஒரே வளைப்பில் கூட்டமே போய்விடும் என்னும் நாட்டுப்படகினரின் அச்சமும் அவ்வாறே.