ஒட்டப்படாத மூன்று வரிகள்

பழைய கடதாசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, நீல அட்டை போட்ட ஒரு குறிப்புப் புத்தகம் கையில் அகப்பட்டது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஆரம்ப காலத்தில் இரவுப் பணிக்குப் பொறுப்பாக இருந்த மூத்த ஆசிரியர் ஒருவருடையது அது. அவர் காலமான பின்னர், "அப்பா இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்று சொல்லி அவருடைய மகன் என்னிடம் தந்தார். பல வருடங்கள் அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். திறக்காமைக்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு குதிரைப் பந்தயத்தின் வரலாறு. பாரிஸ் நகரின் லோங்ஷோம் திடலில், ஒவ்வோராண்டும் ஒக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் 'பிரி டு லார்க் டு திரியோம்ப்'. தமிழில் வெற்றி வளைவுப் பரிசு எனலாம். பந்தய உலகினர் சுருக்கமாக 'ஆர்க்' என்பர். பக்கத்துக்கு ஒரு வருடம். தான் பணியில் சேர்வதற்கு முந்திய ஆண்டுகளைத் தன் கையெழுத்தில் குறித்திருந்தார். சேர்ந்ததன் பின்னர், எமது பத்திரிகையில் வெளிவந்த செய்தியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். அச்சில் வந்ததே வரலாறு என்பது அவருடைய கொள்கை.

அவர் சூதாடியவர் அல்லர். கொழும்பில் 'புக்கி' என்று சொல்லப்படும் பந்தயக் கடைகளில், கண்டறியாத ஆங்கில நாட்டுக் குதிரைகளின் மீது பணம் கட்டியவர்களை நாம் அறிவோம். அவர் அந்தப் படிகளில் ஏறியதாக எவரும் சொன்னதில்லை. அவரைக் கவர்ந்தது அந்தப் பந்தயத்தின் பெயரும் அதன் பின்னாலிருந்த கதையுமே.

முதலாம் உலகப் போர் முடிந்ததும், 1919 ஜூலை 14ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் பாரிஸின் வெற்றி வளைவினூடாக அணிவகுத்துச் சென்றன. மறு ஆண்டு, 1920 ஒக்டோபர் 3ஆம் திகதி, அந்த வளைவின் பெயரால் இப்பந்தயம் முதன்முறையாக ஓடப்பட்டது. 1863இல் ஆரம்பமான 'கிரான் பிரி டு பாரிஸ்' என்ற பெரும் பந்தயம் ஏற்கெனவே இருந்தது. ஆயினும் அது மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது. மூன்று வயதுக் குதிரையும் அதற்கு மூத்த குதிரையும், உள்நாட்டுக் குதிரையும் வெளிநாட்டுக் குதிரையும் ஒரே களத்தில் மோதும் இலையுதிர்காலப் பந்தயம் ஒன்று வேண்டியிருந்தது. தூரம் 2400 மீற்றர். ஆண், பெண் குதிரைகள் இரண்டும் ஓடலாம், காயடிக்கப்பட்டவற்றுக்கு அப்போது இடமிருக்கவில்லை. அடுத்த தலைமுறையை ஈனத்தக்க சிறந்த குதிரை எதுவெனத் தெரிந்தெடுப்பதே நோக்கமாதலால் அந்த விதி.

முதலாவது பந்தயத்தை வென்றது 'கொம்ரேட்'. ஒரு வயதுக் குட்டியாக வெறும் 25 கினிக்கு விற்கப்பட்ட குதிரை அது. பயிற்றியவர் இங்கிலாந்தில் இருந்தவர், ஓட்டிய ஜொக்கி பிராங்க் புல்லொக் அவுஸ்திரேலியர், உரிமையாளர் பிரெஞ்சுக்காரர். அப்பந்தயம் ஓடி ஆறு வாரம் ஆவதற்குள், 1920 நவம்பர் 11ஆம் திகதி, அதே வெற்றி வளைவின் கீழ் பெயரறியாப் போர்வீரன் ஒருவனின் உடல் கொண்டுவந்து வைக்கப்பட்டது. வென்ற குதிரையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வளைவின் கீழ் கிடப்பவனின் பெயர் எவருக்கும் தெரியாது. மூத்தவர் இதை அடிக்கடி சொல்வார்.

இனி நான் சொல்லத் தயங்கிய விடயத்துக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணி கடந்திருக்கும். எனக்கு இருபதுகளின் நடுப்பகுதி. வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகள் எவையென வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாத இறுதியிலேயே யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. என் பெற்றோர் அங்கேதான் இருந்தனர். அவர்களிடமிருந்து கடிதம் வந்து நெடுநாளாகியிருந்தது. வெளிநாட்டுச் செய்திக் கற்றையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார் மூத்தவர்.

"தம்பி, இதை மூண்டு வரியிலை கடைசிப் பக்கத்திலை போடும்."

"செத்த சனத்தின்ரை விபரத்துக்கே இடம் காணாமல் கிடக்கு ஐயா. குதிரைக்கு எங்கை இடம்?"

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "1943இலை பாரிஸ் ஜேர்மன்காரனிட்டை இருந்தது. அப்பவும் இந்தப் பந்தயம் ஓடினது. சாவை மட்டும் வாசிச்சுக்கொண்டு சனம் சீவிக்க ஏலாது தம்பி" என்றார். பிறகு தேநீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

நான் அதைப் போடவில்லை. இடமில்லை என்பது பொய். விடிந்ததும் பத்திரிகையைப் பார்த்தேன். அந்த மூன்று வரிக்குரிய இடத்தில், எமது பத்திரிகையின் சந்தா விபரமே நின்றது. நான்தான் வைத்தேன். செத்தவர்களுக்காக அந்த இடத்தை நான் காப்பாற்றவில்லை. என் கோபத்துக்காகவே காப்பாற்றினேன். மூத்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், மடித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொன்ன 1943இன் கதையைப் பின்னாளில் நான் தேடிப் படித்தேன். அவரைப் பிழையென நிறுவும் எண்ணத்துடனேயே படிக்கத் தொடங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1939இலும் 1940இலும் பந்தயம் நடைபெறவில்லை. 1940 ஜூனில் ஜேர்மன் படைகள் பாரிஸுக்குள் புகுந்தன. வெற்றி வளைவு இருக்கும் வீதியிலேயே அணிவகுத்தன. 1941இல் பந்தயம் மீண்டும் தொடங்கியது. லோங்ஷோம் திடலில் ஜேர்மனியர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தனர். 1943 ஏப்ரல் 4ஆம் திகதி, அண்மையிலிருந்த ரெனோ தொழிற்சாலையை இலக்குவைத்து நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் பந்தயத் திடலிலும் விழுந்தன. பந்தயம் பார்க்க வந்த சனங்கள் மாண்டனர். அதனால் அவ்வாண்டும் 1944இலும் ஆர்க் பந்தயம் லு திரம்ப்ளே திடலில், 2300 மீற்றராகக் குறைக்கப்பட்டு ஓடப்பட்டது. கொழும்பு வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிய கதையாக இராது. 1942இல் எமது குதிரைப் பந்தயத் திடலும் விமான ஓடுபாதையாக்கப்பட்டது. அவ்வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தும் எழுந்தன.

ஆகவே, பந்தயம் ஓடியது என்பது உண்மை. ஆனால் ஓடிய விதத்தில் மூத்தவர் எனக்குச் சொல்லாத பகுதியும் இருந்தது. 1934இல் ஆர்க் வென்ற 'பிரான்தோம்', யூதரான எட்வார்ட் டு ரொத்ஸ்சைல்ட் பிரபுவின் குதிரை. அதை ஜேர்மனியர் கைப்பற்றித் தமது நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஆலை அதிபர் மார்செல் பூசக்கின் 'ஃபாரிஸ்' என்ற பொலிகுதிரையும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டது. இரண்டும் போர் முடிந்த பின்னரே திரும்பின. பூசக்கின் 'கொரிடா' என்ற பெண்குதிரைக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. 1936, 1937 ஆகிய இரு ஆண்டுகளும் ஆர்க் வென்ற அப்புகழ்பெற்ற குதிரை, 1944இல் நோர்மண்டிச் சண்டையின் நடுவே காணாமற்போயிற்று. அதற்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், பாரிஸ் விடுவிக்கப்பட்டுச் சில வாரங்களில், ஃபாரிஸின் மகன் 'ஆர்டான்' ஆர்க் பந்தயத்தை வென்றது. தந்தை அப்போதும் ஜேர்மனியில்.

ஆகவே போர்க்காலத்துப் பந்தயம் சனத்தின் மனத்தைத் தேற்றிய வெறும் பொழுதுபோக்கன்று. களவாடப்பட்ட லாயங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று. என் கோபத்திலும் நியாயம் இருந்தது என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றை நான் கவனிக்கத் தவறவில்லை. இந்த விபரங்கள் எனக்குக் கிடைத்ததே, அந்த ஆண்டுகளிலும் எவரோ முடிவுகளை எழுதி வைத்ததனால்தான். எழுதாமல் விட்டிருந்தால், கொரிடா காணாமற்போனதும் காணாமற்போயிருக்கும்.

போருக்குப் பின்னர் ஆர்க் பெருவளர்ச்சி கண்டது. 1949இல் லொத்தர்ப் பணத்தின் துணையுடன் பரிசுத் தொகை பெரிதாக உயர்த்தப்பட்டது. இத்தாலியின் 'ரிபோ' 1955, 1956 இரு ஆண்டுகளும் வென்று, ஓடிய 16 பந்தயங்களிலும் தோல்வி காணாமல் ஓய்வுபெற்றது. 1965இல் 'சீ பேர்ட்' ஆறு குதிரை நீளத்தால் வென்றது. 1970இல் அதுவரை தோல்வியறியாத 'நிஜின்ஸ்கி', 'சசாஃப்ராஸ்' என்ற பிரெஞ்சுக் குதிரையிடம் ஒரு தலையளவில் தோற்றது. 2013, 2014 இரு ஆண்டுகளும் 'திரேவ்' என்ற பெண்குதிரை வென்றது. பயிற்றியவரும் ஒரு பெண், கிறிக்கெத் ஹெட்.

தோற்றவர்களின் வரலாறு இதிலும் உருக்கமானது. ஜப்பானியர் 1969 முதல் இப்பரிசைத் தேடி வருகின்றனர். 2012இல் அவர்களின் 'ஓர்ஃபேவ்ர்' முன்னேறி, வெற்றி கைக்கெட்டிய நிலையில் உட்பக்க வேலியை நோக்கிச் சரிந்தது. கடைசி அடிகளில் 'சொலேமியா' முந்திவிட்டது. 2025 வரை ஜப்பானியக் குதிரை எதுவும் வென்றதில்லை. 2025இல் வென்ற 'டாரிஸ்', அவ்வாண்டு பெப்ரவரியில் காலமான ஆகா கானின் பண்ணைக் குதிரை. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

2018 ஒக்டோபரில், பாரிஸில் வாழும் என் சித்தப்பா மகனோடு லோங்ஷோம் சென்றேன். திடல் திருத்தப்பட்டதால் முந்திய இரு வருடங்களும் ஷாந்தியியில் ஓடப்பட்ட பந்தயம் அன்றுதான் வீடு திரும்பியிருந்தது. 'எனேபிள்' இரண்டாவது தடவையாக வென்றது. "ஏன் அண்ணை அழுறியள், காசு கட்டினீங்களோ?" என்று தம்பி கேட்டான். இல்லை என்றேன். திடலோரத்தில் பழைய காற்றாலை நின்றது. முந்திய காலத்துத் துறவி மடத்தின் எச்சம் அது.

இன்று புத்தகத்தைத் திறந்தேன். 1939, 1940 பக்கங்களில் "ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறார். 1994க்குரிய துண்டு மஞ்சளாகி ஒட்டியபடி இருக்கிறது. அடுத்த பக்கத்தில் 1995 என்ற ஆண்டு மட்டும். எழுதுவதற்கு அவருக்கு ஒரு நிமிடம் போதும். எழுதவில்லை. அச்சில் வராததை அவர் ஒட்டுவதில்லை. 1996இலிருந்து மீண்டும் துண்டுகள்.

அச்சு இல்லாவிட்டாலும், முப்பது வருடங்கள் பிந்தி, இங்கே பதிகிறேன் ஐயா:

பாரிஸ், ஒக்டோபர் 1, 1995. லோங்ஷோமில் இன்று நடைபெற்ற ஆர்க் பந்தயத்தில் 'லம்தாரா' முதலிடம் பெற்றது. ஓட்டியவர் ஃபிராங்கி டெட்டோரி. இரண்டாவதாக வந்தது 'ஃபிரீடம் க்ரை'. தான் ஓடிய நான்கு பந்தயங்களிலும் லம்தாரா தோல்வி காணவில்லை.