லைட்டருக்குள் ஒளிந்திருக்கும் ஈயம்

தாம்பரம் மார்க்கெட்டில் எந்தப் பாத்திரக் கடையிலும் கேஸ் லைட்டர் கிடைக்கும். 'டக்' என்று அழுத்தினால் பொறி. பாட்டரியும் கிடையாது, சிக்கிமுக்கிக் கல்லும் கிடையாது. அப்போ மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உள்ளே ஒரு குட்டிப் பீங்கான் துண்டு. ஸ்பிரிங் சுத்தியல் அதை ஓங்கி அடிக்க, அது ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கக்குகிறது. அவ்வளவுதான் மேட்டர்!

அந்தப் பீங்கானின் பெயர் பி.இசட்.டி. ஃபெரோஎலக்ட்ரிக் ஜாதி. பெயரில்தான் 'ஃபெரோ', உள்ளே இரும்பு இல்லை. காந்தத்துக்கு வடக்கு, தெற்கு போல இதற்குத் தானாகவே பிளஸ், மைனஸ் முனைகள் உண்டு. வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அவை திசை மாறும்.

சிக்கல் என்னவென்றால், இதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு எதிரி. தென்சென்னைக் குப்பை வருஷக்கணக்காகப் பெருங்குடியில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் கொட்டப்பட்டது. அதில் எத்தனை பழைய லைட்டர் போனதோ! 2006-ல் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய யூனியனே இந்தப் பீங்கானுக்கு விலக்கு கொடுத்தது. காரணம், சரியான மாற்று இல்லை.

மாற்றைத் தேட ஒவ்வொரு கலவையையும் அரைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, சோதிக்க வேண்டும். ஆயுசு போதாது. இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. வால்டர் கோன் 1998-ல் நோபல் வாங்கித் தந்த முறையில் எலக்ட்ரான்களைக் கணக்கிட்டால், அடுப்பு மூட்டாமலே பொருளின் குணம் தெரியும்.

1992-ல் ரொனால்ட் கோஹன் இப்படிக் கணக்குப் போட்டு, ஈயம் சும்மா இடத்தை அடைக்கவில்லை, ஆக்சிஜனோடு பிணைந்து வேலை செய்கிறது என்று காட்டினார். 1997-ல் உமேஷ் வாக்மாரே (பிறகு பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையத்துக்கு வந்தவர்) கேரின் ரேபுடன் சேர்ந்து, ஈய டைட்டனேட் எந்த வெப்பத்தில் இந்தக் குணத்தை இழக்கும் என்று கணித்தார். கணக்கு 660 கெல்வின். ஆய்வகத்தில் அளந்தது 763. பி.காம். பாஷையில் சொன்னால் பட்ஜெட்டுக்கும் ஆக்சுவலுக்கும் 13 சதவீத வேரியன்ஸ். குவாண்டம் கணக்கை மட்டும் நம்பிப் போட்ட பட்ஜெட்டுக்கு இது மோசமில்லையே!

ஈயம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு ஆள் மாற்ற முடியும். தனிம அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரர் பிஸ்மத். எலக்ட்ரான் அமைப்பும் ஒத்துப்போகிறது. பிஸ்மத் சோடியம் டைட்டனேட் மாதிரிப் பொருட்கள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் விலை, உழைப்பு, உற்பத்தி எல்லாவற்றிலும் பி.இசட்.டி.யை ஜெயிக்க வேண்டுமே. எந்தக் கலவையை முதலில் சுடலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சுட்டுப் பார்க்க வேண்டியது மனுஷன்தான்.