அரைப்புள்ளி

பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, அலுமாரியிலிருந்து என்னுடைய கனடியக் கடவுச்சீட்டை எடுத்து வந்து, அதன்மேல் இந்தப் போனை வைத்துப் பார்த்ததுதான். பெயர் பொய்யில்லை. உயரத்தில் மூன்று மில்லிமீற்றர், அகலத்தில் இரண்டு மில்லிமீற்றர் கூட; மற்றும்படி அச்சொட்டாக அதே அளவு. பிளாக்பெரி பாஸ்போர்ட் என்று பெயர் வைத்தவர்கள், அந்தச் சொல் எங்களைப் போன்றவர்களின் காதில் எப்படி விழும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். நான் பியர்சன் விமானநிலையத்தில் வந்திறங்கியபோது கையில் இருந்த கடவுச்சீட்டில் படம் மட்டும்தான் என்னுடையது.

2014 செப்ரெம்பர் 24ஆம் திகதி ரொறன்ரோ, லண்டன், டுபாய் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் இதை வெளியிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், செத்தவீடு எதுவென்றாலும் போன் எடுக்கவேண்டியது இந்த மூன்று ஊர்களுக்கும்தான். கனடாக்காரர் செய்த போன், இங்கிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் கார் ஓடினால் வரும் வாட்டர்லூவில் பிறந்தது என்ற சின்னப் பெருமையும் எனக்கு உண்டு. ஆனால் நான் வாங்கியதற்குக் காரணம் அதுவல்ல. கண்ணாடியில் தட்டி எழுத என் விரல்களுக்கு வரவில்லை. விசை அமுங்கவேண்டும், அமுங்கியது விரலுக்குத் தெரியவேண்டும். அப்படிப் பழகிய விரல்கள்.

மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது பாண் துண்டு மாதிரி இருக்கு" என்றாள். பதினாறு வயது. அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாத்திரியார் வைச்சிருக்கிற ஏடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரு கையால் எழுத முடியாது. இரண்டு கையாலும் ஏந்தி, இரண்டு பெருவிரலாலும் அடிக்கவேண்டும். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் தேவாரப் புத்தகம் படிக்கிறேன் என்றுதான் தோன்றும்.

திரை சரிசதுரம். மற்றப் போன்களில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்து என்றால் இதில் அறுபது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதற்குக் கீழேதான் புதினம். மூன்றே மூன்று வரிசை விசைகள். இலக்கத்துக்கு விசை இல்லை, குறியீடுகளுக்கு இல்லை, பெரிய எழுத்துக்கு மாற்றும் விசைகூட இல்லை. அவையெல்லாம் திரையில் வந்து நிற்கும். இடைவெளி விசையை மூன்றாவது வரிசையின் நடுவில், வி-க்கும் பி-க்கும் இடையில் செருகியிருக்கிறார்கள். விசைகளின் மேற்பரப்பு தொடுகையையும் உணரும். அமுக்காமல் சும்மா தடவினால் பக்கம் நகரும். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அது மூன்று ஊகங்களைக் காட்டும். வேண்டிய சொல்லுக்கு நேர்கீழே விசைகளில் விரலை வைத்து மேல்நோக்கிச் சுண்டினால் அந்தச் சொல் துள்ளி வாக்கியத்துக்குள் விழும். முதல் இரண்டு நாளும் சின்னப்பிள்ளை மாபிள் சுண்டுவதுபோலச் சுண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்தான் ஒன்று கவனித்தேன். இந்தக் கீபோட்டில் அரைப்புள்ளி விசை இல்லை.

பாமினியில் தமிழ் அடித்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாமினியில் ஆங்கில எம் விசையில் அ இருக்கும், கே விசையில் ம இருக்கும், ஆங்கில அரைப்புள்ளி இருக்கும் விசையில் எங்கள் புள்ளி இருக்கும். கால்புள்ளி விசையில் இ. ஆகவே இந்தப் போனில் பாமினிக்காரன் ஒருவனால் விசையை அமுக்கி அம்மா என்று எழுத முடியாது. இல்லை என்றுகூட எழுத முடியாது. பாமினிக்காக யாரும் இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வலது சுண்டுவிரலுக்கு அது தெரியாது. அது போய்ப் போய் ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அந்தச் சுண்டுவிரலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அப்பா யாழ்ப்பாணம் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவர். வீட்டிலும் ஒரு தமிழ் ரைப்ரைட்டர் வைத்திருந்தார். அதன் முன்னால் என்னை இருத்தும்போதெல்லாம், இந்த விசைப்பலகையை அமைத்தவர் எங்கட சுண்டிக்குளி ஆள், மலாயாவுக்குப் போன முத்தையா என்று சொல்லாமல் விடமாட்டார். 247 எழுத்தை இவ்வளவு விசைக்குள் அடக்கியதற்கு முத்தையா கண்ட வழி, நகராத விசை. புள்ளியை அடித்தால் வண்டில் நகராது, நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்குக் கீழே எழுத்தை அடிக்கவேண்டும். அதாவது புள்ளி முதலில், எழுத்துப் பிறகு. "வரப்போறது மெய்யெழுத்து எண்டு முதலே தெரிஞ்சிருக்கவேணும்" என்பார் அப்பா.

ரொறன்ரோவுக்கு வந்து, தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இரவு வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாடம்தான் சோறு போட்டது. பாமினியின் விசைகள் பெரும்பாலும் ரைப்ரைட்டரின் விசைகள். ஒரே வித்தியாசம், கொம்பியூட்டரில் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளியை வைக்கவேண்டும். அதை மாற்றிப் பழக எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மரண அறிவித்தல்கள்தான் கூடுதலாக அடித்தேன்.

இனி நான் ஏன் இந்தப் போனில் தமிழ் எழுத அவதிப்பட்டேன் என்று சொல்லவேண்டும்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இரவு ஊரடங்கு. அந்த வருடக் கடைசியில் ஓர் இரவு அண்ணாவை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அப்பா அடுத்த நாளே ரைப்ரைட்டரின் முன்னால் குந்தினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, ஆயருக்கு, அரசாங்க அதிபருக்கு. இரண்டரை வருடம் அடித்தார், பிறகு அவரும் போய்விட்டார். 2011இல் அம்மாவை இங்கே கூப்பிட்டபோது அவர் சூட்கேசில் சேலைக்கு மேலாக வைத்துக் கொண்டுவந்தது அந்தக் காபன் பிரதிகளைத்தான்.

2014 மார்ச் மாதத்தில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றிய விசாரணைக்குத் தீர்மானம் எடுத்ததும், சாட்சியங்களை எழுத்தில் அனுப்பலாம் என்று அறிவித்ததும் வாசகர்களுக்குத் தெரியும். தமிழிலும் எழுதலாம், பத்துப் பக்கத்துக்கு மேற்படக்கூடாது, ஒக்ரோபர் 30 கடைசித் திகதி. திகதியைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். 1995இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததும் ஒக்ரோபர் 30தான். அன்றைக்கு அப்பா சைக்கிள் கரியரில் கட்டியது உடுப்பை அல்ல, ரைப்ரைட்டரை. அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

காபன் பிரதிகளை வைத்தே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அப்பா கச்சேரித் தமிழில் எழுதியிருக்கிறார். 'தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்.' கதவைத் திறந்தவர் அம்மா, கண்டவர் அம்மா, கையைப் பிடித்து இழுத்தவர் அம்மா. எல்லாக் கடிதத்திலும் அவர் 'எனது மனைவி' என்ற இரண்டு சொல்தான்.

அம்மாவைச் சொல்லவைப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு முன்னால் இருந்தால் அவர் வாய் மூடிவிடும். கொப்பியில் எழுதிய எத்தனை பேரை அவர் கண்டிருப்பார். லப்ரொப்பும் சரிவரவில்லை. ஆனால் லோரன்ஸ் வீதி பஸ்ஸில், முழங்கால் வைத்தியத்துக்குப் போகும்போது, நான் என்பாட்டில் புதுப் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அவர் தன்பாட்டில் கதைத்தார். யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். அப்போது அது என் கையில் இருந்த ஒரே எழுதுகருவி. அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பெருவிரல்களால் தடவி அடிக்கக்கூடிய எழுதுகருவியும் அதுதான். ஆகவே நான் அடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை.

இதை நான் பல வருடம் திட்டியவன். இந்த இதழிலேயே, இலக்கியக் கூட்டங்களிலேயே, தமிங்கிலம் என்று நக்கலடித்தவன். இப்போது ஒரு சாட்சியத்தையே அப்படி எழுதிக்கொண்டிருந்தேன். போனும் தன்பங்குக்கு உதவி செய்ய முயன்றது. அதற்குத் தெரிந்தது ஆங்கிலம். நான் அடிக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே சிவப்புக்கோடு போட்டது. 'வெள்ளை வான் வந்து நிண்டது' என்று அடித்தேன். அந்த வாக்கியத்தில் அதற்குத் தெரிந்த ஒரே சொல் வான்.

ஆனால் அது பழகியது. ஒரு கிழமைக்குள் அடிக்கடி வரும் சொற்களைப் பிடித்துவிட்டது. கதவு, படலை, ராத்திரி. அண்ணாவின் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்தால் முழுப் பெயரையும் காட்டியது. நான் சுண்ட, அது வாக்கியத்துக்குள் ஏறியது. வேலையிடத்தில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் அப்படி வந்து நின்றது. சுண்டாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு மேலே போயிருந்தேன். திரும்பி வரும்போது மகளின் குரல் கேட்டது. தமிழில் வாசித்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்குத் தமிழ் விளங்கும், கதைப்பாள், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூன்று வருடம் இருந்து ஆவன்னாவோடு நின்றவள். அப்பாவின் காபன் பிரதிகளை நான் அவளுக்குக் காட்டியதே இல்லை. காட்டியிருந்தாலும் அவளுக்கு அவை வெறும் கோடுகள்தான். பெரியப்பா காணாமல் போனவர் என்பது மட்டும் தெரியும். இப்போது அவளுக்குத் தெரிந்த எழுத்தில் அது முழுவதும் கிடந்தது. அவளை நிறுத்தலாமா என்று படியில் நின்று யோசித்தேன். அம்மா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ல, ள, ழ எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நானும் பஸ் குலுக்கலில் அவசரமாக அடித்ததில் எழுத்துகள் விடுபட்டிருந்தன. "ஒரு மணி இருக்கும். முதல் எங்கட நாய் குளிச்சது" என்று வாசித்தாள்.

அம்மா கண்ணைத் திறந்தார். "என்ன செய்தது?"

"நாய் குளிச்சது, அப்பம்மா."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு மணிக்கு நாய் ஏன் பிள்ளை குளிக்குது? குலைச்சது. குலை." மகளும் சிரித்தாள். குலை, குலை என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியபிறகு அம்மா சொன்னார். "வான் வெளிக்கிட அது பின்னாலை ஓடினது. சந்தி மட்டும் குலைச்சுக்கொண்டு ஓடின சத்தம் கேட்டது. விடியத்தான் திரும்பி வந்தது. கால் நொண்டி." எட்டு வருடத்தில் இதை நான் கேட்டதில்லை. அப்பாவின் எந்தக் கடிதத்திலும் நாயே இல்லை. வான் எந்தச் சந்திப் பக்கம் போனது என்பதும் இல்லை.

"எந்தச் சந்தி?" என்று நான் கேட்குமுன்னம் மகள் கேட்டாள். அம்மா சொன்னார். அவள் போனை இரண்டு கையாலும் ஏந்தி, பாண் துண்டு என்று சொன்ன அதே போனில், அதைத் தானே அடித்தாள். என்னைவிட வேகமாக.

இருபத்தெட்டாம் திகதி இரவு கொம்பியூட்டரின் முன்னால் இருந்து எல்லாவற்றையும் பாமினியில் அடித்தேன். சுண்டுவிரல் தன் இடத்துக்குத் திரும்பி வந்த சந்தோசத்தில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றி அனுப்பவேண்டும், அது பிறகு. ஏழு பக்கம் வந்தது. மகள் எழுதிய இடத்துக்கு வந்ததும் தடங்கி நின்றேன். அவளுடைய எழுத்துக்கூட்டல் அவளுடையது; கண்ணால் பார்த்து ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தேன். இரண்டாம் தரம் நாய் ஓடியது கேட்டது. அதை அடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், கையெழுத்து வைக்க.